பால் செரியாதோர் நோயாளிகளா?

"பால் ஒரு நிறையுணவு" என்று சுகாதார பாடத்தில் எழுதாத மாணவன் எமது நாட்டில் இருக்கமாட்டான். அவ்வாறு எழுதினால் புள்ளி உண்டு. யாருக்கு நிறையுணவு என்று திருப்பிக் கேட்டால் புள்ளி இல்லை. கன்றுக்குப் பசுவின் பாலும் மனிதக் குழவிக்குத் தாயின் பாலும் உணவாதல் இயற்கை. ஆயின், முப்பது வயதைக் கடந்த ஒருவருக்கும் அது கட்டாயம் வேண்டிய உணவு என்பதை எவர், எந்த மக்களை ஆராய்ந்து நிறுவினர்? இக்கேள்வியை எமது பாடநூல்கள் எழுப்புவதில்லை. எழுப்பாமையால் நேரும் துன்பம் சிறிதன்று.

நேற்றுவரை தடையின்றிப் பருகிய பால், இருபத்தைந்தாம் வயதிலோ முப்பத்தைந்தாம் வயதிலோ ஆகாது போவோர் எம்மிடையே ஏராளம். பருகிய அரைமணி முதல் இரண்டு மணி நேரத்துள் வயிறு ஊதும், இரையும், முறுக்கி வலிக்கும், சிலருக்குக் கழிச்சலும் உண்டாகும். இவர்களிற் பெரும்பாலார் காரணம் அறியார். அறிந்தோரும் வெளியே சொல்லார். எனக்கு இது முப்பத்திரண்டாம் வயதில் வந்தது. இடைவேளைத் தேநீருக்குப் பின்வரும் பாடவேளையில், நாற்பது மாணவர் முன்னே வயிறு இரைய நின்று இலக்கணம் கற்பிப்பதன் சுகத்தை அனுபவித்தவரே அறிவர். ஒரு வைத்தியர் வாயு என்று குளிசை தந்தார். மற்றொருவர் ஆசிரியத் தொழிலின் மனவழுத்தம் என்றார். நான் என்ன குடிக்கிறேன் என்று இருவரும் கேட்கவில்லை.

உண்மையில் நிகழ்வது யாது? பாலிலுள்ள சர்க்கரைக்கு லக்ரோசு என்று பெயர். அது அப்படியே குருதியிற் கலவாது. சிறுகுடற் சுவரிலுள்ள லக்ரேசு என்னும் நொதியம் அதனைக் குளுக்கோசு, கலக்ரோசு என இரண்டாகப் பிளந்த பின்னரே உடல் அதனை ஏற்கும். குழவிப் பருவத்தில் இந்நொதியம் நிறைய உண்டு. தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏழு பங்கு லக்ரோசு. பசுப்பாலிலோ ஐந்துக்குச் சற்றுக் குறைவு. பால் மறந்த பின், ஏனைய பாலூட்டிகளைப் போலவே பெரும்பாலான மனிதரிடத்தும் இந்நொதியம் படிப்படியாகக் குறைகிறது. குறைவு மெதுவானது, ஆதலால் துன்பம் வளர்ந்த பின்னரே வெளிப்படுகிறது. பிளவுபடாத சர்க்கரை நீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலை அடைய, அங்குள்ள பற்றீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. இதில் மானம் போவதற்கு என்ன இருக்கிறது?

உலகில் வளர்ந்தோருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்கு இந்நொதியம் குறைவு. குறைந்தோர் அனைவரும் துன்புறுவதில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும்; எவ்வளவு பருகினர், எதனோடு பருகினர் என்பதைப் பொறுத்தது அது. 1981 ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆய்வொன்று, வடவருள் நான்கில் ஒரு பங்குக்குச் சிறிது மேற்பட்டோரும் தென்னாட்டாருள் மூன்றில் இரு பங்கினரும் லக்ரோசைச் செரிக்க இயலாதோர் எனக் கண்டது. இலங்கையரிடத்து நடத்தப்பெற்று 1977 இல் வெளியான ஆய்வும் சோதிக்கப்பட்டோரிற் பெரும்பான்மையோர் இவ்வகையினரே என்றது. ஐரோப்பாவின் வடபகுதியில் நிலைமை மாறாக உள்ளது. அங்கே பெரும்பான்மையோர் முதுமைவரை பாலைச் செரிக்கின்றனர். இதற்குக் காரணமான பரம்பரையலகு மாற்றத்தை 2002 இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். மந்தை மேய்க்கத் தொடங்கிய பின், கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் பரவிய மாற்றம் அது. கிழக்காபிரிக்க மேய்ச்சற் குடிகளிடம் இதே ஆற்றல் வேறு மாற்றங்களால் தனியே தோன்றியது என்பது 2007 இல் தெரியவந்தது. ஐரோப்பியரிடமுள்ள அதே மாற்றம் இந்தியாவிலும் உண்டென்றும், வடமேற்கிலிருந்து தெற்கும் கிழக்கும் செல்லச் செல்ல அது அருகுகிறது என்றும் 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே விதி எது, விலக்கு எது? பால் செரியாமை மனித குலத்தின் பொதுநிலை. செரித்தலே பிற்காலத்து மாற்றம். எனினும், விலக்கைப் பெற்ற சிறுபான்மையோர் மருத்துவ நூல்களை எழுதினர். விதிக்குட்பட்ட பெரும்பான்மையோர் 'குறைபாடு' உடையோர் ஆயினர். தமிழிலும் 'சகிப்பின்மை' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். சகிப்பின்மை என்ற சொல்லை நாம் பிற சமயத்தவரை வெறுப்போரைக் குறித்து வழங்குகிறோம். ஒரு குவளை பாலின் முன்னே சாதாரண மனிதனின் குடலுக்கும் அதே பழி! 1965, 1966 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்ரிமோர் நகர ஆராய்ச்சியாளர், கறுப்பு மக்களிற் பெரும்பாலாருக்கும் வெள்ளையருட் சிலருக்குமே இந்நொதியம் குறைவெனக் கண்டு எழுதும்வரை, இதனை அரிய நோயென்றே மருத்துவ உலகம் கருதியிருந்தது. அதுவரை வெள்ளையரின் குடலே மனிதக் குடலின் இலக்கணமாக நின்றது.

அறிவு வந்த பின்னும் வணிகம் வாளாவிருக்கவில்லை. எல்லோருக்கும் பால் வேண்டும் என்ற பொருளில் கலிபோர்னியப் பால் உற்பத்தியாளர் சபை விளம்பரம் செய்தது. 1974 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அதனைப் பொய்யானது, மயக்குவது என்று குற்றஞ்சாட்டியது. சபையார், பாலில் எல்லோருக்கும் ஏதோ உண்டு என்ற பொருளில் வாசகத்தைத் திருத்திக்கொண்டனர். ஏதோ உண்டு என்பது மெய்தான். எங்களிற் பலருக்கு அது வயிற்றுவலி. அந்நாட்டிலே அரசின் அமைப்பொன்று இவ்வளவாவது கேட்டது. எமது தொலைக்காட்சியிலே, ஒரு குவளை பால்மாவைக் குடித்த சிறுவன் வகுப்பில் முதலாம் பிள்ளையாகிறான். எவர் கேட்டார்?

எமது சமூகத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. தேயிலை எமது மலைகளில் விளைகிறது. அதிற் கலக்கும் பால்மாவிற் பெரும்பகுதி நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வருகிறது. இந்தக் கலவையே மரியாதையின் அளவுகோல். மதிப்புள்ள விருந்தினருக்குப் பாற்றேநீர், கூலியாளுக்கு வெறுந்தேநீர். அந்த 'வெறும்' என்ற அடையைக் கவனியுங்கள். பாலின்மையை வறுமையாகக் காணும் வர்க்கப் பார்வை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. பால் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். "ஏன் தம்பி, பிளேன்ரீயோ கேக்கிறியள்? எங்கட வீட்டில பால் இல்லையெண்டு நினைச்சிட்டியளோ?" என்று மாமி முகஞ்சுளிப்பார். அவர் மனம் நோகாதிருக்க எம்மவர் பாலை விழுங்கிவிட்டு, பேருந்திலே வியர்த்தபடி வீடு திரும்புவர். விடுதி மாணவர் படும் பாடு இதனினும் இரங்கத்தக்கது. காலையிற் பாற்றேநீரை மறுக்கும் பிள்ளை 'நுட்பம் பார்க்கிறவன்'. குடித்துவிட்டுப் பாடவேளையில் மும்முறை வெளியே போக அனுமதி கேட்கும் பிள்ளை 'கள்ளன்'. ஆசிரியர்களாகிய நாம் இவ்விரு பட்டங்களையும் தாராளமாகவே வழங்கி வருகிறோம்.

2021 இன் நடுப்பகுதியில் 380 ரூபாய்க்கு விற்ற 400 கிராம் பால்மாப் பொதி, 2022 மார்ச்சில் 790 ரூபாய் ஆயிற்று. அதற்கும் மக்கள் வரிசையில் நின்றனர். குழந்தைகளுக்காக நின்ற தாய்மாரைக் குறைசொல்ல எனக்கு நாவெழாது. வளர்ந்தோருக்கும் அது இன்றியமையாதது என்று நம்பவைக்கப்பட்டு, அரைநாட் கூலியை இழந்து, தம் குடல் ஏற்காத பொருளுக்காக வெயிலில் நின்றோரும் அவ்வரிசையில் இருந்தனர் அல்லவா? அவர்களை அங்கே நிறுத்தியவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

இங்கே மற்றொரு சாராரையும் மறுக்கவேண்டியிருக்கிறது. பால் நஞ்சு, எமது முன்னோர் அதனைத் தொட்டறியார் என்று பழமையின் பெயரால் முழங்குவோர் இப்பொழுது பெருகிவிட்டனர். இதுவும் பொய். முன்னோர் பாலும் உண்டனர். ஆனால் பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள் விடியலில் தயிர் கடைகிறாள். மோரை விற்று நெல் பெறுகிறாள். நெய்யை விற்றுப் பொன்னை மறுத்து எருமையும் பசுவும் கொள்கிறாள். அவள் தெருவிற் கொண்டுசென்றவை மோரும் நெய்யுமே. புளிக்கவைத்தலும் கடைதலும் லக்ரோசைக் குறைக்கும் செயல்கள். மங்கோலியரிற் பெரும்பாலார் இந்நொதியம் குறைந்தோராயினும், பாலைப் புளிக்கவைத்தே வாழ்வு நடத்தினர். வேதியியல் அறியாத மக்களும் தம் வயிற்றின் அனுபவத்தால் வழிகண்டனர். அவ்வனுபவத்தைப் போற்றுவோம், அதற்குத் தெய்விகம் கற்பிக்கவேண்டாம்.

துன்புறுவோர் செய்யத்தக்கது என்ன என்று கேட்போருக்கு: முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு வாரம் பாலையும் பால்மாவையும் முற்றாக விட்டு, பின்னர் மீண்டும் பருகிப் பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். வசதியுள்ள இடங்களில் மூச்சிலுள்ள ஐதரசனை அளந்தும் அறிவர். மலத்திற் குருதி, காரணமற்ற மெலிவு, காய்ச்சல், உறக்கத்தைக் கலைக்கும் கழிச்சல் ஆகியவை இருப்பின் பால்மீது பழிபோட்டுக் காலங்கடத்தாது வைத்தியரிடம் செல்லவேண்டும். கடும் வயிற்றோட்டத்தின் பின் சில வாரங்களுக்கு மட்டும் பால் ஆகாது போவதும் உண்டு. அது தானே தீரும். பாலின் புரதத்தால் உடல் தடித்து மூச்சுத் திணறும் ஒவ்வாமை முற்றிலும் வேறானது. அவர்களுக்குத் துளிப்பாலும் ஆபத்து.

எமக்கோ துளி ஆபத்தன்று. ஒரு குவளைப் பாலில் ஏறக்குறைய 12 கிராம் லக்ரோசு உண்டு. இக்குறைவுடையோரிற் பலர் அவ்வளவையும் உணவோடு சேர்த்து உண்டால் தாங்குவர். வெறுவயிற்றிற் பருகுவதே கேடு. எமது வழக்கமோ காலை எழுந்ததும் பாற்றேநீர்! தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். புளிப்பேற்றும் பற்றீரியாக்கள் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. எஞ்சியதைச் செரிக்கக் குடலிலும் துணைபுரிகின்றன. நெய்யில் லக்ரோசு இல்லையென்றே சொல்லலாம். நாட்பட்ட கட்டிப் பாலாடையிலும் அவ்வாறே. ஆட்டுப்பாலுக்கு மாறினால் தீருமென்று யாழ்ப்பாணத்திற் கூறுவர். தீராது, அதிலும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. காய்ச்சினாலும், இஞ்சி தட்டிப் போட்டாலும் லக்ரோசு மறையாது. ரின்பாலும் பாலே. கொழுப்பு நீக்கிய பால்மா இலகுவானது என்று எண்ணி வாங்குவோர் அறியவேண்டியது, அதன் எடையிற் பாதியளவு லக்ரோசே என்பது. தேங்காய்ப்பால் பெயரளவிலேதான் பால். ஆதலால் சொதிக்கு அஞ்சவேண்டாம். ஆனால் அதனிடம் கல்சியத்தையும் எதிர்பார்க்கவேண்டாம்.

கல்சியம் என்றதும் பாலின் வழக்கறிஞர்கள் எழுந்துவிடுவர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. பாலை விட்டவர் அவ்விடத்தை நிரப்பாவிடில் எலும்பு பின்னாளிற் கணக்குக் கேட்கும். நூறு கிராம் பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கல்சியம். நூறு கிராம் குரக்கனில் 300 இற்கு மேல். முழுவதும் உடலிற் சேராது என்பது மெய். ஆயினும் சேர்வது சிறிதன்று. எள்ளும், முள்ளோடு உண்ணும் நெத்தலியும், முருங்கையிலையும் எமது வேலிக்கும் கடலுக்கும் உரியவை. இவற்றை ஏழையின் உணவென்று ஒதுக்கிய அதே பார்வைதான் பால்மாவைப் பீடத்தில் ஏற்றியது. சைவ உணவினர்க்கு இடர் கூடுதல். மீனும் முட்டையும் கொள்ளாதாருக்கு பி12 உயிர்ச்சத்து பால்வழியே வருகிறது. அவர்கள் தயிரையும் மோரையும் கைவிடலாகாது. முற்றாக விடுவோர் வைத்தியரைக் கேட்டுக் குளிசை கொள்ளவேண்டும். லக்ரேசு நொதியத்தையே மாத்திரையாக்கி விற்கின்றனர். லக்ரோசு நீக்கிய பாலும் உண்டு. விலை கொடுக்கக்கூடியோர் வாங்கட்டும். பெரும்பான்மையோரைக் குறையுடையோர் என்று பெயரிட்டு, அக்குறைக்கு மருந்தும் விற்பது கெட்டிக்கார வணிகந்தான்.

ஆசிரிய நண்பர்கள் இரண்டு காரியங்களை நாளையே தொடங்கலாம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் பனங்கட்டியோடு பாலில்லாத் தேநீரும் மோரும் வைக்கும்படி கேட்பது ஒன்று. "பால் ஒரு நிறையுணவு" என்ற வாக்கியத்தை மாணவன் எழுதும்போது, அதனருகே "யாருக்கு?" என்று சிவப்பு மையால் எழுதிக் கொடுப்பது மற்றொன்று. அதற்காகப் புள்ளியைக் குறைக்கவேண்டியதில்லை. அவனுக்கு அவ்வாறு கற்பித்தவர்கள் நாமே.