குட்டி அம்பத்தூரில் விளக்கெரிய

ஆவடி ரயிலில் போய்வருகிறவர்களுக்கு அம்பத்தூரின் மஞ்சள் பலகை மனப்பாடம். அதையே வீட்டு மாடல் ரயில்வேயில் எரியவைக்கப் பார்ப்பவர்கள் முதலில் சறுக்குவது எழுத்தில்தான். நிஜத்தில் 87-ல் 1 பங்கான எச்.ஓ. அளவில், 3 மீட்டர் அகலப் பலகை மூன்றரை சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடும். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் அதில் அடங்க வேண்டுமே! கையால் எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான். ஓ.எச்.பி. ஷீட்டில் கறுப்பாக லேசர் பிரிண்ட் எடுத்து, பின்னால் மஞ்சள் கண்ணாடிப் பேப்பரும் டிரேசிங் பேப்பரும் வைத்தால் வெளிச்சம் சீராகப் பரவும்.

வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட் போதும். 12 வோல்ட் அடாப்டரில் நேரே கொடுத்தால் ஒரே மினுக்கு, அதோடு சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். தண்டவாளத்துக் கரண்டில் கைவைக்க வேண்டாம், சாதாரண டி.சி. செட்டில் வண்டி நின்றால் ஸ்டேஷனும் இருண்டுவிடும்.