படிப்புக்கு வயது வரம்பு வைத்தது யார்?

"பிள்ளைங்க படிக்கிற நேரத்துல உனக்கெதுக்குப் படிப்பு?" காஞ்சிபுரத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் இரண்டு பிள்ளைகளின் தாய். பட்டுத்தறியை விட்டு எழுந்து, பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதித் தேறி, 37 வயதில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படிக்கிறேன். அடுத்தது சட்டப் படிப்பு.

என் பதில் ஒரு கேள்விதான்: படிக்க வேண்டிய வயதில் எங்களை எங்கே உட்கார வைத்தீர்கள்?

கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் நெய்ய, மறுபக்கக் கரைக்கு நாடா வீச இன்னொருவர். பல வீடுகளில் அந்த இன்னொருவர் பிள்ளைதான். வாங்கிய முன்பணம் பிள்ளையின் உழைப்பில் கழிந்தது. பட்டுத்தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அன்றைய குழந்தைகளுக்கு இன்று 30, 40 வயது.

1953இல் ராஜாஜி அரசு, அரை நாள் பள்ளி, அரை நாள் பெற்றோரின் தொழில் என்றது. அது குலக்கல்வி என்று பெரியார் போராடினார். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். ஆனால் வறுமையும் சாதியும் சேர்ந்து எங்கள் வீடுகளில் முழு நாள் குலக்கல்வியையே நடத்தின.

2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. பாதியில் தறிக்கு இழுக்கப்பட்டவள் இரண்டு விதிகளாலும் வெளியே நிற்கிறாள்.

அத்திட்டம் தாங்கியிருப்பது மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை. தேவதாசி முறைக்குள் வளர்க்கப்பட்டு, அதிலிருந்து வெளியேறி, அதை ஒழிக்கப் போராடியவர் அவர். பிறப்பு திணித்த தொழிலை விட்டு வருகிற பெண்ணுக்கு அவர் பெயரால் கதவு அடைபடலாமா?

விதியைத் திருத்துங்கள். தனித்தேர்வராகவும் தொலைநிலையிலும் படிக்கும் பெண்களைச் சேருங்கள். வகுப்பு நடக்கும் இடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். இது சலுகை அல்ல, பறித்ததைத் திருப்பித் தருவது.

இளம் தோழர்களே, உங்கள் தெருவில் படிப்பை விட்ட ஓர் அக்காவுக்குத் தனித்தேர்வர் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி பிள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா? அம்மாவாகவும் இருக்கலாம்.