சும்மா இருக்கத் தெரியுமா?

கம்ப்யூட்டர் எந்நேரமும் பெரிய பெரிய கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறோம். இல்லை சார். நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்து எங்கே என்று தேடுவதற்குள் அது கோடிக்கணக்கான ஆணைகளை முடித்துவிடும். ஆனால் கொடுக்க வேலை இல்லையே! பெரும்பாலான நேரம் சும்மாதான். எப்படிச் சும்மா இருப்பது என்பதில்தான் சிக்கல்.

எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) குடவோலையோடு ஏரி வாரியமும் வருகிறது. அடைமழை ராத்திரி. வாரியத்துக்காரர் நிமிஷத்துக்கொரு தரம் கரைக்கு ஓடி மட்டம் பார்க்கலாம். அல்லது கரையில் தமுக்குடன் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டுப் படுக்கலாம். அந்தத் தமுக்குதான் கம்ப்யூட்டரில் 'இன்டரப்ட்'. கீ தட்டினால், மவுஸ் நகர்ந்தால், டிஸ்க் தகவல் கொண்டுவந்தால் புராசஸருக்கு ஒரு தமுக்கு. கைவேலையை அடையாளம் வைத்துவிட்டு, வந்ததைக் கவனித்து, விட்ட இடத்துக்குத் திரும்பும். இதற்குப் பொறுப்பு, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கருவான கர்னல். (ராணுவக் கர்னல் அல்ல. இவருக்கு மீசை கிடையாது.)

தமுக்கு இருந்தும் விண்டோஸ் 95 தூங்கவில்லை. வேலையில்லாதபோதும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஓடியது. லினக்ஸ் புராசஸரைப் படுக்க வைத்தது. ஆனால் 2003-ல் வந்த 2.6 கர்னல், இன்டெல் வகை மெஷின்களில் செகண்டுக்கு 1000 தரம் எழுப்பி, 'வேலை ஏதாவது இருக்கா?' என்று கேட்டது. தூக்கமா அது? 2007-ல் 2.6.21, வேலையில்லாத வேளையில் இந்தக் கடிகாரத் தொல்லையை நிறுத்தியது.

அடுத்த கேள்வி, எவ்வளவு ஆழமாகத் தூங்குவது? சி-1 நிலை, நாற்காலியில் கண்ணயர்வது மாதிரி. சில மைக்ரோசெகண்டில் எழுந்துவிடலாம். சி-6, பாய் விரித்து, விளக்கணைத்துப் படுப்பது. மின்சாரம் மிச்சம், ஆனால் எழ நூறு மைக்ரோசெகண்ட் அளவுக்கு ஆகும். படுக்கவும் எழவும் தனிச் செலவு வேறு. பி.காம். படித்தவனுக்கு இது பழகிய விஷயம்: பிரேக் ஈவன்! குறைந்தது இவ்வளவு நேரம் தூங்கினால்தான் கட்டுப்படியாகும். தமுக்கு எப்போது அடிக்கும் என்று தெரியாமலே முடிவெடுக்கவேண்டும். முன்பு எவ்வளவு நேரம் தூங்க முடிந்தது என்றெல்லாம் பார்த்து ஊகிக்கிற 'சிபியு ஐடில்' பகுதி 2008 ஜனவரியில், 2.6.24-ல் சேர்ந்தது. அதைப் பற்றி வெங்கடேஷ் பள்ளிபாடியும் இரண்டு சகாக்களும் 2007-ல் ஆட்டவா லினக்ஸ் மாநாட்டில் கொடுத்த கட்டுரையின் தலைப்பே, 'ஒன்றும் செய்யாதே, திறமையாக' என்கிற அர்த்தத்தில்தான்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதோடு வந்தது. 2012-ல் கிராமத்தில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். அந்த இருட்டில் பிளஸ் டூ படித்த பிள்ளைக்குப் பேட்டரிதான் கதி. அதில் ஸ்கிரீன் தின்றதுபோக மிச்சம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது, பிள்ளை தட்டும்போது புராசஸர் எவ்வளவு வேகம் என்பதில் மட்டும் இல்லை. பிள்ளை யோசிக்கும்போது அது எவ்வளவு நன்றாகத் தூங்கியது என்பதிலும் இருந்தது.

ஆகவே, சும்மா இருப்பவரைக் கண்டதும் திட்டாதீர்கள். கூப்பிட்டால் எழுந்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்புறம் திட்டலாம்.