தண்ணீர்க்குடம் மட்டும் போதாது



ஆற்றுகால் பொங்காலை முடிந்த அன்று மாலையிலேயே திருவனந்தபுரம் மாநகராட்சிப் பணியாளர்கள் தெருத்தெருவாக அடுப்புச் செங்கற்களைப் பொறுக்கத் தொடங்கிவிடுவார்கள். லட்சக்கணக்கான பெண்கள் பொங்கல் வைத்த கற்கள் அவை. அவற்றைச் சேர்த்து, வீடில்லாத ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுப்பது சில ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஆண்டுதோறும் தவறாமல் படிக்கிறேன். அந்தக் கற்களை மீன மாத வெயிலில் தலையில் சுமந்து சாரம் ஏறப்போவது யார் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவர்களுக்கென்று, குறிப்பாக அவர்களுடைய சிறுநீரகத்துக்கென்று, ஒதுக்கியிருக்கிறேன்.

வெயில் என்றால் நமக்கு மயக்கம் தெரியும், வியர்க்குரு தெரியும், மலையாளப் பத்திரிகைகள் சூரியாகாதம் என்று எழுதுகிற வெயில் தாக்குதலும் தெரியும். சிறுநீரகம் நினைவுக்கே வருவதில்லை. போதாக்குறைக்கு, திருவனந்தபுரம்வாசிகளுக்கு ஒரு வீண் ஆறுதலும் உண்டு: ‘வேலூர் மாதிரி 40 டிகிரி எல்லாம் இங்கே ஏது?’ உண்மைதான், இங்கே கோடையிலும் பெரும்பாலும் 33, 35 என்ற அளவில்தான் நிற்கும். ஆனால் கடற்காற்றின் ஈரம் வியர்வையைக் காயவிடாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாமல் வெறுமனே வழிந்து ஓடினால் உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகும், சூடு மட்டும் போகாது. எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

சாதாரண நேரத்தில் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு அவை வடிகட்டுகின்றன. கடும் வெயிலில் கடும் வேலை செய்யும்போது சூட்டை வெளியேற்றத் தோலும், உழைக்கத் தசைகளும் ரத்தத்தைக் கேட்கின்றன. மணிக்கு ஒரு லிட்டர்வரைகூட வியர்வை போகலாம். அப்போது உடம்பு பிடித்தம் செய்வது சிறுநீரகத்தின் பங்கில்தான். ஒரு நாள் நடந்தால் சரியாகிவிடும். பருவந்தோறும், ஆண்டுக்கணக்கில் நடந்தால் உள்ளே தழும்பு விழுகிறது. வலி இருக்காது. ரத்தத்தில் கிரியாட்டினின் கண்ணில் படும் அளவுக்கு ஏறும்போது பாதிச் செயல்திறன் போயிருக்கும். ‘நேத்து வரைக்கும் மூட்டை தூக்கினேனே’ என்று மருத்துவரிடம் சொல்பவர் பொய் சொல்லவில்லை.

கேரளத் தொழிலாளர் துறைக்கு ஒரு பாராட்டு சொல்லியாக வேண்டும். வெளிவேலை செய்பவர்களுக்குக் கோடையில் பகல் 12 மணி முதல் 3 மணிவரை ஓய்வு என்று ஆண்டுதோறும் தொழிலாளர் ஆணையர் உத்தரவு போடுகிறார். 2025-இல் அது பிப்ரவரி 11 முதல் மே 10 வரை நடப்பில் இருந்தது. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் நடுவில் எட்டு மணி நேர வேலை, உச்சிவெயிலில் நிழல். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணிவரை வெளிவேலைக்குத் தடை உண்டு.

ஓய்வு நேரம் என்பது மேலேயிருந்து இறங்கி வந்த சலுகை என்று நினைப்பவர்கள் விழிஞ்ஞம் பக்கத்திலிருக்கும் வெங்ஙானூரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1863-இல் அங்கே பிறந்த அய்யன்காளி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புலையர் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறக்கச் சொல்லி, வயல் வேலையையே நிறுத்திக் காட்டினார். வேலைக்கு நடுவே ஓய்வு வேண்டும் என்பதும் அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. இன்று வெள்ளையம்பலம் சந்திப்பில் தலைப்பாகையோடு அவர் சிலையாக நிற்கிறார்.

உத்தரவு இருக்கிறது, சரி. நடக்கிறதா? கேசவதாசபுரம் பக்கம் வேலை நடக்கும் ஒரு வீட்டில் பேச்சுக் கொடுத்தேன். கொத்தனாருக்கு வள்ளியூர்ப் பக்கம். “உத்தரவெல்லாம் இருக்கத்தான் செய்யுது சார். மத்த நாள்ல கொஞ்சம் உக்காருவோம். வார்ப்பு அன்னைக்கு நடுவுல நிறுத்த முடியுமா? பாதியில விட்டா ஒட்டு விழுந்துரும்லா!” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கான்கிரீட் காத்திருக்காது. ஆனால் அன்றைக்கு மட்டும் இன்னும் நான்கு ஆளைச் சேர்த்து, முறை மாற்றி நிழலுக்கு அனுப்பலாமே? அனுப்பலாம், கூலி யார் கொடுப்பது? வீட்டுக்காரரிடம் கேட்டால், ஒப்பந்தம் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பார். அந்த நாலு ஆள் கூலியில்தான் விஷயம் முட்டி நிற்கிறது.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. நான்கு குமிழ் காலி. “இடுப்புக்குத்தான் சார். காலையில ஒண்ணு போட்டாத்தான் ஆளா நிக்க முடியும். மெடிக்கல்ல சீட்டெல்லாம் கேக்க மாட்டாங்க.” டைக்ளோஃபெனாக். இந்த வகை வலி மாத்திரைகள், ஐபுபுரூஃபனும் இதில் சேரும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களை விரித்து வைக்கும் சுரப்பையே தடுத்துவிடுபவை. நீர் வற்றிய உடம்பில் தினமும் இதைப் போடுவது, ஏற்கெனவே ரத்தம் குறைந்த உறுப்புக்கு வருவதையும் அடைப்பதுதான். வெயில் வேலைக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் புத்தி சொல்லும் நாம் இந்த அட்டையைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. 2023 கோடையில் உள்ளாட்சிகள்தோறும் தண்ணீர்ப் பந்தல் வைக்கக் கேரள அரசு சொன்னது. சம்பாரம் என்கிற நீர்மோர், குளிர்ந்த நீர், ஓ.ஆர்.எஸ். நல்ல காரியம். வேலை செய்பவர் தாகம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஒரே மூச்சில் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணீர் இரண்டும் உத்தமம். (ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ ஏற்கெனவே உள்ளவர்கள் உப்புக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.) சர்க்கரை ஏறிய குளிர்பானத்தைத் தண்ணீருக்குப் பதிலாக எண்ண வேண்டாம். சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனால் வேலையை நிறுத்திவிட வேண்டிய நேரம் அது.

ஆனால் குடிக்கச் சொல்வதோடு கடமை முடிந்தது என்று முதலாளிகள் நினைத்துவிடுகிறார்கள். இங்கேதான் எனக்கு வழக்கு இருக்கிறது. நிகராகுவாவின் சிச்சிகல்பா கரும்புப் பகுதியில் லா இஸ்லா என்ற சிற்றூரை ‘விதவைகளின் தீவு’ என்றே சொல்லும் நிலை வந்தது. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளம் கரும்பு வெட்டிகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். பக்கத்து எல் சால்வடோரில் 2002-லேயே மருத்துவர்கள் இதை எழுதிவைத்தார்கள். பின்னர் நிகராகுவாவின் சான் அந்தோனியோ சர்க்கரை ஆலையில் தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் வந்தது. வெட்டிகளுக்கு நிழலில் உட்காரும் நேரத்தைக் கூட்டியபோது சிறுநீரகப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. குடிநீர் மட்டும் செய்யாததை ஓய்வு செய்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்முடைய உப்பளங்கள் இருக்கின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்து 2023-இல் ஆய்வை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய சூட்டில் உழைத்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. ஆந்திரத்தின் உத்தானம், இலங்கையின் அனுராதபுரம் பகுதி, இரண்டும் காரணம் புரியாத சிறுநீரக நோய்க்குப் பேர்போனவை. அங்கே குடிநீரா, பூச்சிமருந்தா, வெயிலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வாதம் முடியும்வரை நிழல் போடாமல் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

கேசவதாசபுரத்து வீட்டுக்கே திரும்புவோம். மைக்காட்டு என்கிற சித்தாள் வேலைக்கு வந்திருந்த அம்மா, களியக்காவிளை தாண்டி விடியற்காலை பஸ் ஏறி வருகிறவர். தண்ணீர்ப் பாட்டில் மூடி திறக்காமல் மணல்மேல் கிடந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்கு, “குடிச்சா எங்க போறது, நீங்களே சொல்லுங்க சார்” என்றார். கட்டப்போகும் வீட்டில் மூன்று கழிப்பறை. கட்டுகிறவருக்கு ஒன்றும் இல்லை. ஆண்கள் மதிலோரம் போய்விட்டு வந்துவிடுகிறார்கள். இவர் காலையில் குடித்த ஒரு தம்ளர் சாயாவோடு மாலைவரை ஓட்டுகிறார். சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வருவது தனிக்கதை. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டமே குடிநீரையும் கழிப்பறையையும் ஒன்றாகத்தான் பேசியது. நாம்தான் முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டோம்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் இதே காரணத்துக்காகத்தான் தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். அவர்களுக்காக விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்போடு தொடங்கிய போராட்டம் கழிப்பறையில் ஆரம்பித்தது, பிறகு உட்காரும் உரிமை கேட்டது. 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை தரச் சொன்னது. கடைத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது கட்டடத் தொழிலாளர்களுக்கு ஏன் கூடாது?

சிறுநீரகம் கெட்ட பிறகு கைகொடுக்க ஒரு வழி இருக்கிறதே என்பீர்கள். கேரள அரசின் காருண்யா லாட்டரி 2011-இல் வந்தது. கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்த காலம். அதன் வருமானம் சிறுநீரகம், புற்றுநோய், இதயம் என்று பெரிய நோய்களுக்கு ஏழைகளின் சிகிச்சைக்குப் போகிறது. டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். மருந்துச் செலவை லாட்டரி தாங்கினாலும், போன கூலியை எந்தக் குலுக்கலும் தராது. இந்தச் சீட்டை வாங்குகிறவர்களிலும் கூலிக்காரர்கள் நிறையப் பேர் என்பது இன்னொரு வேடிக்கை.

உங்களில் பலர் இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பீர்கள், அல்லது மாடி எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஒப்பந்தம் பேசும்போது நான்கைந்து வரிகளைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெயிலில் வேலை இல்லை, நிழலுக்கு ஓர் ஓலைக் கொட்டகையோ தார்ப்பாயோ, பெண்கள் போகக்கூடிய, கதவுள்ள ஒரு கழிப்பறை, வார்ப்பு அன்று கூடுதல் ஆள், அதன் கூலி உங்கள் கணக்கில். கொத்தனார் முதலில் சிரிப்பார். ‘சார், இதெல்லாம் எந்தப் பார்ட்டியும் கேக்கிறதில்லையே’ என்பார். கேட்டுப் பாருங்கள். எழுதிக் கொடுத்தவர்கள், மறுத்தவர்கள், எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்று கணக்கு வைத்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். கணக்கோடு வரும் கடிதங்களை அடுத்த இதழில் முதலில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்