ரீடிங்கைத் திருத்தாதே!



தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 980-க்குப் பக்கத்தில் வராவிட்டால் என்ன நடக்கும்? பென்சிலில் எழுதிய ரீடிங் ரப்பருக்குப் போகும். ரெக்கார்டு நோட்டில் பளிச்சென்று 979.6 வந்து உட்காரும்! இது திறமை இல்லை என்பது என் கட்சி.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஜெஃபர்சன் ஆய்வகத்தில் 2019-ல் 'பிரெக்ஸ்-2' என்று ஒரு சோதனை செய்தார்கள். பொருள் என்னவோ நம்ம பேட்டரித் தகட்டுக் காரீயம்தான். காரீயம்-208 அணுக்கருவில் புரோட்டான் 82, நியூட்ரான் 126. இப்படிச் சமமில்லாமல் சேர்வதற்கு அணுக்கரு கொடுக்கிற விலைதான் 'சமச்சீர் ஆற்றல்'. அடர்த்தி கூடக்கூட அந்த விலை வேகமாக ஏறினால், உபரி நியூட்ரான்கள் நெரிசலான நடுப்பகுதியை விட்டு வெளியே ஒதுங்கும். தோல் போலப் படியும். அந்தத் தோலின் தடிமனை அளந்தால் நியூட்ரான் விண்மீன் எத்தனை பெரியது என்பதற்கே துப்பு கிடைக்கும். காரீயத் துண்டு எங்கே, விண்மீன் எங்கே!

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. எப்படிப் பிடிப்பது? எலக்ட்ரான்களை வலச்சுழற்சி, இடச்சுழற்சி என்று மாற்றி மாற்றிக் காரீயத்தின் மேல் பாய்ச்சினார்கள். வலுக்குறைந்த விசையால் இரண்டும் சிதறுவதில் ஒரு வித்தியாசம் வரும். எவ்வளவு? நூறு கோடியில் சுமார் 550 பங்கு! காரீயம் சூட்டில் உருகிவிடும் என்பதால் அதை வைரத் தகடுகளுக்கு நடுவே வைத்தார்கள். மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. யாருக்கும் தெரியாத ஓர் எண்ணை டேட்டாவோடு கூட்டி, விடையை மறைத்து வைத்துவிட்டுத்தான் கணக்குப் போட்டார்கள். யாரும் தனக்குப் பிடித்த விடைக்கு இழுக்க முடியாது.

2021-ல் வந்த விடை 0.283 ± 0.071 ஃபெம்டோமீட்டர். (ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஃபெம்டோமீட்டர்.) பிழையே கால் பங்கு! அதை ஒளிக்கவில்லை. 2022-ல் அதே ஆய்வகத்தின் கால்சியம்-48 அளவீட்டு விடை வெளிவந்தது. தோல் சுமார் 0.121 தான். காரீயத்துக்குத் தடித்த தோல், கால்சியத்துக்கு மெல்லிய தோல். இரண்டையும் ஒரே கோட்பாட்டில் அடக்க முடியாமல் திணறுகிறார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் காரீயத்தை இன்னும் துல்லியமாக அளக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். முதல் ரீடிங்கை 'சரி' பண்ணியிருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காதே!

"அவங்களுக்கு வசதி இருக்கு, நமக்கு மூணு பேருக்கு ஒரு ஸ்டாப் வாட்ச்" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் ± போடக் காசு வேண்டாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒரு மாணவன் 960 ± 30 என்று எழுதி வந்தால் மார்க்கைக் குறைக்காதீர்கள் ஐயா. அந்த 30 எங்கிருந்து வந்தது என்று வைவாவில் கேளுங்கள்.