குழலும் தண்ணுமையும் யார் வீட்டுச் சரக்கு?

பாக்கு நீரிணையின் கரையில், இன்று மீன்படகுகள் வரிசையாய் நிற்கும் தொண்டித் துறை பழந்தமிழ் நாட்டின் வணிக வாயில்களுள் ஒன்று. அகிலும் பட்டும் சந்தனமும் கருப்பூரமும் தொண்டியினின்று கீழைக் காற்றோடு கூடல் மாநகர்க்கு வந்த செய்தியை இளங்கோவடிகள் ஊர்காண் காதையில் பதிந்து வைத்துள்ளார். மேலைக் கரையிலும் தொண்டி என ஓர் ஊர் உண்டு. எனினும் கீழைக் காற்றோடு வந்த பண்டம் கீழைக்கரைத் தொண்டியினுடையதே எனக் கொள்வதுதான் பொருத்தம். அவற்றுள் கருப்பூரம் தமிழ் மண்ணில் விளைந்த பொருளன்று. கடல் கடந்து வந்த பொருள். அயலான் பொருளைத் தமிழன் வெறுத்து ஒதுக்கினான் என்று எவரும் சொல்ல இயலாது. வாங்கினான், விற்றான், பெயர் சொல்லி விற்றான்.

பெயர் சொல்லி விற்றான் என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. இக்காலத்தில் குழலொருவர், முழவொருவர் என இருவராய் அமர்ந்து, பல நாட்டு இசையைக் கலந்து, சிற்றரங்குகளில் ஒரு சிலர் முன் இசைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. ‘இசைக்கு மொழியில்லை, குழலுக்கு ஏது தமிழ், தெலுங்கு?’ என்று அவ்வரங்குகளில் ஒரு பேச்சும் உடன் பரவுகிறது. தமிழன்பர் சிலரே இதற்குத் தலையசைப்பதுதான் வேடிக்கை.

இவ்வகை இருவர் இசைக்குத் தமிழர் தந்த மிகச்சிறந்த இணை, வீணை தனம்மாளின் பெயரர்களும் ஆடலரசி பாலசரசுவதியின் உடன்பிறந்தாருமாகிய அரங்கநாதனும் விசுவநாதனும் ஆவர். அரங்கநாதன் பழனி சுப்பிரமணியப் பிள்ளையிடம் முழவு பயின்றவர். விசுவநாதன் திருப்பாம்புரம் சாமிநாதப் பிள்ளையிடம் குழல் பயின்றவர். அமெரிக்க நாட்டின் வெசுலியன் பல்கலைக்கழகம் 1963-இல் அரங்கநாதனை அழைத்து ஆசிரியராய் அமர்த்திற்று. சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை தாங்கிய விசுவநாதனும் பின்னர் 1975-இல் அங்கேயே ஆசிரியரானார். ‘உலக இசை’ என்னும் சொல்லை வழக்கிற் கொணர்ந்தவராகக் கூறப்பெறும் இராபர்ட்டு பிரவுன் என்னும் வெள்ளையர், அரங்கநாதனிடம் முழவு கற்றவர். அதைப் பற்றியே 1965-இல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியவர். விசுவநாதனிடம் பாட்டுக் கற்ற சான் இக்கின்சு 1965-இல் திருவையாற்று மேடையிலேயே பாடினார். முழவாசிரியர் 1987-இலும் குழலாசிரியர் 2002-இலும் மறைந்தனர்.

விசுவநாதனிடம் ஓர் அரிய வழக்கம் இருந்தது. குழலூதிக்கொண்டே வருபவர் இடையே குழலைத் தாழ்த்திவிட்டு, அவ்வடியைத் தம் வாயாலேயே பாடிக் காட்டுவார். ஊதப்படுவது ஓசை மட்டுமன்று, சொல்லும் அதனுள் இருக்கிறது என்பதை அயலார்க்கு அவர் உணர்த்திய முறை அது. அச்சொல் பெரும்பாலும் தெலுங்குச் சொல்லாய் இருந்தது அவர் குற்றமன்று. சில நூற்றாண்டுகளாகத் தமிழ்நாட்டு அரங்குகளைப் பிடித்திருந்த நோய் அது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்ற வேண்டியிருந்ததே அந்நோய்க்குச் சான்று. ஆயினும், குழலுக்கு மொழியில்லை என்பார்க்கு அக்குழலோன் செயலே விடை.

அப்பல்கலைக்கழகத்தில் சாவக நாட்டு இசையும் கற்பிக்கப்படுகிறது. கானா நாட்டு முழவும் கற்பிக்கப்படுகிறது. சாவகர் தம் இசையைக் கமெலான் என்று தம் சொல்லாலேயே அழைக்கின்றனர். அங்குள்ள வெள்ளை மாணவனும் அப்படியே அழைக்கிறான். தமிழன் முழவு மட்டும் மிருதங்கம் என்னும் வடசொல்லைச் சுமந்தும், தமிழன் இசை கருநாடக இசை என்னும் பெயரைச் சுமந்தும் அங்குப் போய் இறங்கின. தொண்டி வணிகன் இப்படிப் பிறன் முத்திரை குத்தித் தன் சரக்கை ஏற்றியிருப்பானா?

பெயரில்லாமலா இருந்தது? அரங்கேற்று காதையில் தண்ணுமையோனுக்கும் குழலோனுக்கும் தனித்தனியே தகுதி வகுக்கப்பட்டுள்ளது. தண்ணுமையோன் பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் வல்லவனாய், தன் கை மீறித் தெரியாதவனாய் இருத்தல் வேண்டும். இருவராய் அமர்ந்து இசைப்பார்க்கு இதனினும் நுட்பமான நெறி எந்நாட்டு நூலில் உண்டு? குழலின் நீளம் இருபது விரல், சுற்று நாலரை விரல் என அளவு கூறி, மூங்கில் முதலாக அதற்காகும் பொருள்களையும், துளைகள்மேல் எவ்வெவ் விரலை வைப்பது என்பதையும் அடியார்க்கு நல்லார் எழுதி வைத்துள்ளார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்கும் தமிழ்ப் பெயர் உண்டு. இத்தனையும் ஏட்டில் உறங்க, சிலம்பின் இசையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுத எசு. இராமநாதன் என்னும் தமிழர் கனெக்டிகட்டு மாநிலத்து அதே வெசுலியன் பல்கலைக்கழகத்திற்குத்தான் சென்றார். 1974-இல் பட்டமும் பெற்றார். அயல்நாட்டார் இடம் கொடுத்தனர். அவர்க்கு நன்றி சொல்லலாம். நாணவேண்டியவர் இங்குள்ளவரே.

இனி, கடல் கடந்த கதையை விட்டுத் தொண்டிக்கே மீளலாம். முழவில் முருகபூபதியை ஈன்ற மாவட்டம் இராமநாதபுரம். அங்கே தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளி உள்ளது. இத்தகைய பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், ஆடல், வயலின், முழவு எனப் பொதுவாக ஏழு பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினுக்கு இடமுண்டு. அதைக் குறைசொல்ல வேண்டுவதில்லை. இளங்கோவடிகள் இலக்கணம் வகுத்த குழலுக்கு அந்த ஏழினுள் இடமில்லை. தொண்டிக் கடற்கரையில் மூங்கில் துண்டைத் துளையிட்டு ஊதிப் பார்க்கும் மீனவச் சிறுவன் முறையாய்க் கற்க விரும்பினால், தன் மாவட்டத்து அரசுப் பள்ளியில் அவனுக்கு ஆசிரியர் இல்லை. முழவுக்கு ஆசிரியர் உண்டு. அதன் வகுப்புப் பலகையிலும் தண்ணுமை என்ற சொல் இல்லை.

எட்டாம் பாடமாகக் குழலைச் சேர்க்கப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. வேண்டியது ஓர் ஆசிரியர் பணியிடமும் ஓர் அரசாணையும் மட்டுமே. பலகையில் பெயரை மாற்றி எழுத அதுவும் வேண்டா.