நாற்பது வரட்டும் என்றா காத்திருப்பது?

புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டத்துச் சகோதரிகளே!

உங்கள் அம்மாவுக்கோ கூடப் பிறந்த அக்காவுக்கோ இள வயசிலேயே மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா? அப்படியானால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான்.

2013-இல் சொக்சோ, 40 வயதை எட்டிய தொழிலாளிகளுக்கு இலவசப் பரிசோதனைச் சீட்டு கொடுக்க ஆரம்பித்தது. பெண்களுக்கு மாமோகிராமும் அதில் சேர்ந்தது. நல்ல காரியம். ஆனால் நம் ஆட்கள், "நாற்பது வந்தா பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். அது எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தாது. அம்மாவுக்கு 42-இல் வந்ததென்றால் மகள் 32-இலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும். பத்து வருஷம் முந்தி என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

இன்னொரு சங்கதி. மாமோகிராம் என்பது மார்பை அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. இளம் பெண்ணின் மார்பில் திசு அடர்த்தி. படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற மாதிரி! எம்.ஆர்.ஐ. வேறு வகை. மருந்து ஊசி போட்டு, காந்தத்தால் படம் எடுப்பார்கள்; எக்ஸ்ரே கதிர் கிடையாது.

ஹாலந்து நாட்டில், குடும்ப வழியில் ஆபத்துள்ள 1,909 பெண்களை இரண்டு முறையிலும் பரிசோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 45 புற்றுநோய்களில் எம்.ஆர்.ஐ. 32-ஐக் காட்டியது, மாமோகிராம் 18-ஐத்தான் காட்டியது. ஆனாலும் எட்டு, மாமோகிராமில் மட்டுமே தெரிந்தவை. ஆகவே ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே ஸ்கேனும் உதவும். அது மட்டும் போதாது.

அரசாங்க கிளினிக்குக்குப் போனால் வாயைத் திறந்து சொல்லுங்கள்: யாருக்கு, எந்த வயசில் வந்தது என்று. அப்பா வழி அத்தையையும் விடாதீர்கள். சூலகப் புற்றுநோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். ஒரு நாள் சம்பளம் போகும், தெரியும். குடும்பத்தில் இந்நோய் உள்ள பெண்ணுக்கு வயசு வரம்பும் கூடாது, சம்பள வெட்டும் கூடாது என்பது என் கருத்து. கிளைக் கூட்டத்தில் பேசுங்கள்.

எம்.ஆர்.ஐ.க்குக் குப்புறப் படுக்க வேண்டும். இயந்திரம் தடதடவென்று சத்தம் போடும். தாலியைக் கழற்றச் சொல்வார்கள். அதற்குத் தயங்கித் திரும்பிவிடாதீர்கள். முதல் நாளே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போங்கள்.